வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கராகப் பணிபுரியும் ஒரு தந்தை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சென்னையிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்த்தே தீர வேண்டும் என்கிறார் அஸ்தம்பட்டியில் இருக்கும் மைத்துனர். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தால் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. பையனோ, விடுமுறையெல்லாம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து வீடியோ கேம் கன்ட்ரோலர்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஐயா, ஆறுதல் சொல்லிப் பொழுதைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள். உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன். பொறியியல் கலந்தாய்வில் அவனுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்தக் கலந்தாய்வுக்குள்ளேயே வராது. கையிலிருக்கும் உரிமையை விட்டுவிட்டுக் கடன் வாங்கி இடம் தேடுவதற்கு, மைத்துனரின் மதிப்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வட்டியைக் கட்டப்போவதும் அவரல்லர்.

வங்கித் தேர்வு, மருத்துவம் பற்றியெல்லாம் உறவினர்கள் போதுமான அளவு பேசியிருப்பார்கள், அவற்றை விடுகிறேன். பையன் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி, கடைக்கு வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை (பிளேஸ்டேஷன் 5-க்கானது) இணைத்தபோது, பேட்டரி அளவு 15, 25, 35 என்று தாவுகிறதே, 16-ஐயும் 17-ஐயும் ஏன் காட்டுவதில்லை என்று கேட்டான். அலங்காரத்துக்காகக் கேட்ட கேள்வி அன்று அது.

அதற்கான விடை லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள், சோனி நிறுவனமே எழுதி 2021-இல் 5.12 பதிப்பில் சேர்ந்த டிரைவரில், அதாவது சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் நிரலில் இருக்கிறது. கன்ட்ரோலர் அனுப்பும் தகவலில் ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட்டுகள், பேட்டரியின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதன் கீழ் நான்கு பிட்டுகளில் 0 முதல் 10 வரை ஓர் எண் வரும். 1 என்றால் 10 முதல் 19 சதவீதத்துக்குள் எங்கோ ஓரிடம். டிரைவர் அதைப் பத்தால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, நூறைத் தாண்டாமல் நிறுத்திக் காட்டுகிறது. மேல் நான்கு பிட்டுகளில் 0 வந்தால் பேட்டரி இறங்குகிறது, 1 வந்தால் ஏறுகிறது, 2 வந்தால் நிறைந்துவிட்டது. வெப்பம் எல்லை மீறி ஏற்றம் நின்றுபோனதற்கும் தனிக் குறிகள் உண்டு.

இப்படிப்பட்ட டிரைவர்களை எழுதும் வேலையைத்தான் உங்கள் மகனுக்குச் சொல்கிறேன். எழுதி முடிப்பதோடு அந்த வேலை தீர்வதில்லை. பயன்படாத சாதனத்தை உறங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்புவதற்கு, அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டிரைவர் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டினால், வேலை முடிந்ததும் ஒன்றைக் கழித்துவிட வேண்டும், ஒரே ஓர் இடத்தில் தவறினாலும் அந்தச் சாதனம் உறங்காமல் விழித்திருந்து மின்சாரத்தைத் தின்னும். வேலை பாக்கியிருக்கையில் பயனர் கேபிளைப் பிடுங்கினால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை டிரைவர் தொட்டு, கணினி முழுவதும் உறைந்துபோகலாம். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கர்னல் வருகிறது; அதன் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கர்னலுக்குள் சேர்ந்துவிட்ட டிரைவரை, இடைமுகத்தை மாற்றுபவரே திருத்தித் தர வேண்டும் என்பது வழக்கம். வெளியே இருக்கும் டிரைவரென்றால் எழுதியவர்தான் ஒவ்வொரு முறையும் திண்டாட வேண்டும்.

டிரைவர்களில் செய்யும் இந்தத் திருத்தங்கள் எல்லாம் எழுதியவர் பெயரோடு பொதுவெளியில் நிற்பவை. வேலைக்கு எடுப்பவர் உங்கள் மகன் எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன்பே அவன் எழுதியதைப் படித்துவிட முடியும். சிப் வடிவமைக்கும் நிறுவனங்கள் திரண்டிருக்கும் பெங்களூரு, சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான்; சென்னை அதைவிடத் தொலைவு.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. கல்லூரி வளாகத் தேர்வில் பெரும்பாலும் தேடி வராது. திருத்தத்தை அனுப்பினால், கர்னலின் அந்தப் பகுதியைக் கவனிக்கும் பராமரிப்பாளர் முகதாட்சண்யமில்லாமல் திருப்பி அனுப்புவார், இரண்டாவது முறையும் அனுப்புவார். எளிய ஆங்கிலத்தில் காரணம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளை இதற்கு முதல் ஆண்டிலிருந்தே பழக வேண்டும். ஆனால் இதன்பேரில் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். கர்னலின் மூலநிரலும் ஆவணங்களும் இலவசம். லினக்ஸ் பவுண்டேஷன் தொடக்கநிலைப் பயிற்சி ஒன்றையும் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. அக்காவின் மடிக்கணினி இப்போதைக்குப் போதும், கர்னலின் மூலநிரலை இயங்கும் வடிவுக்குத் தொகுக்க இரவெல்லாம் எடுத்துக்கொண்டாலும்.

ஆகவே, சேலம் கருப்பூரில் 1966 முதல் இயங்கிவரும் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் தொடர்பியலை முதல் விருப்பமாகவும் மின்னியலை இரண்டாவதாகவும் பதியுங்கள். மின்சுற்றைப் படிக்காமல் மின்மேலாண்மை டிரைவர் எழுதுவது கடினம்; சி மொழியை அவன் தானே கற்றுக்கொள்வான். விருப்பப் பட்டியலை அவனே நிரப்பட்டும், மைத்துனர் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.