பிரிண்டுக்கு முன் 3000 கல்யாணப் படங்களையும் மொத்தமாக சிஎம்ஒய்கே ஆக்குவது எப்படி?

சிஎம்ஒய்கே (நான்கு மைகளை வைத்து நிறத்தை எழுதும் கணக்கு) வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? லேப்காரரா, யூடியூபா? கல்யாண ஆல்பத்துக்குத்தான் கேட்கிறீர்கள், 12க்கு 36 அங்குல ஷீட், ஃபோட்டோ பேப்பர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் சிஎம்ஒய்கே பக்கமே போகாதீர்கள். அந்த மெஷினில் மை கிடையாது. சிவப்பு, பச்சை, நீல ஒளி பேப்பரில் விழுந்து, கெமிக்கலில் கழுவி வருவதுதான் பிரிண்ட். அதற்குத் தேவை எஸ்ஆர்ஜிபி ஜேபெக், அதாவது சாதாரணத் திரைகளுக்கான பொது நிறக்கணக்கில் சேமித்த படம். புத்தகம், காலண்டர் என்று மை அச்சான ஆஃப்செட்டுக்குப் போனால்தான் சிஎம்ஒய்கே பேச்சே வரும். அதையும் எந்த ப்ரொஃபைல் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் குறிப்பு) என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு, கடைசி வேலையாகச் செய்யுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. 2017-இல் ஒரு கல்யாணம், மதுரைப் பக்கம். என்னிடம் ஒரு கேமரா, உதவிக்கு வந்த நண்பரிடம் இன்னொன்று. இருவர் எடுத்ததும் சேர்த்து 2300 படங்கள். நேர வரிசைப்படி கலந்து, மொத்தத்துக்கும் 0001 முதல் புதுப் பெயர் வைத்தேன். செய்த முதல் தப்பு அது. அப்போது தெரியாது.

டிசைன் பண்ணும்போதே நண்பர் எடுத்த படங்கள் செத்துப்போய்த் தெரிந்தன. லென்ஸ் பழசு என்று நினைத்து சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) ஏற்றினேன். அப்புறம் ஃபோட்டோஷாப்பில் ஒரு ஆக்‌ஷன் (பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓட்டும் வேலை வரிசை) போட்டு எல்லாவற்றுக்கும் எஸ்ஆர்ஜிபியை ‘அசைன்’ பண்ணி, பேட்ச் ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். பெரிய வேலையை முடித்த நினைப்பு.

ஆல்பம் வந்தது. ஒரு பக்கத்தில் அரக்குப் புடவை அரக்காகவே இருக்கிறது, அடுத்த பக்கத்தில் அதே புடவை காய்ந்த செங்காவி. சாச்சுரேஷன் ஏற்றிய புண்ணியத்தில் பொண்ணு முகம் மாம்பழ நிறம். பெண் வீட்டு அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏய்யா, வாழமரத்த மொத நாளே வெட்டிக் கட்டிட்டாகளா?” என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

லேபில் மெஷின் ஓட்டும் அண்ணன்தான் கண்டுபிடித்தார். “கார்டுல இருந்து எடுத்த காப்பி இருக்கா தம்பி?” என்றார். திறந்து காட்டினேன். என் படங்கள் ஐஎம்ஜி என்று தொடங்குகின்றன. நண்பருடையதில் அந்த ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீழ்க்கோடு. “கோடு இருந்தா அடோபி” என்றார். ஒரே வார்த்தை. கேமரா அடோபி ஆர்ஜிபியில், அதாவது எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறம் கொள்ளும் கணக்கில், இருந்தால் கோப்பின் பெயர் கீழ்க்கோட்டில்தான் தொடங்கும். அந்த அடையாளத்தைத்தான் பெயர் மாற்றும்போது நானே அழித்திருந்தேன். சில கேமராக்கள் படத்துக்குள் ப்ரொஃபைலையும் வைக்காது, நண்பருடையது அந்த ரகம்.

எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபி 219 என்று எழுதும். அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துப் படித்தால் புடவை இருளும். பச்சை இன்னும் மோசம். 0, 255, 0 என்பது அங்கே 144, 255, 60. அப்படியே படித்தால் சிவப்பும் நீலமும் கலந்து வெளுத்துவிடும், வாழைமரம் வாடியது அதனால்தான். ‘அசைன்’ எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். ‘கன்வர்ட்’ நிறம் மாறாதபடி எண்களை மாற்றும். உங்களுக்கு வேண்டியது கன்வர்ட்.

இனி உங்கள் 3000. பெயரை மாற்றாமல் முதலில் பிரியுங்கள். படங்களைப் பார்த்துப் பிரிக்கும் அடோபி பிரிட்ஜ் சாஃப்ட்வேரில் ஃபில்டர் பக்கத்திலேயே கலர் ப்ரொஃபைல்வாரியாகப் பிரித்துக் காட்டும். ப்ரொஃபைல் உள்ளே இருப்பவற்றை ஃபோட்டோஷாப்பின் இமேஜ் ப்ராசஸரில் கொடுத்து, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் கட்டத்தில் டிக் போட்டு, குவாலிட்டி 12 வைத்து ஓடவிடுங்கள். தனி ஃபோல்டரில் சேமிக்கும், ஒரிஜினல் பத்திரமாக இருக்கும். ப்ரொஃபைலும் இல்லாமல் பெயரில் கோடும் இருந்தால், அவற்றுக்கு மட்டும் முதலில் அடோபி ஆர்ஜிபியை அசைன், பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட். இரண்டையும் ஒரே ஆக்‌ஷனில் வைக்கலாம். காசில்லாமல் முடிக்க, கட்டளை எழுதி ஓட்டும் இமேஜ்மேஜிக் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் அதில் மோக்ரிஃபை கட்டளை ஒரிஜினல் மேலேயே எழுதிவிடும், காப்பி எடுத்துவிட்டுத் தொடுங்கள்.

‘ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று வருகிறவர்களுக்கு: தெரியும் சார். ராவில் கேமராவின் கலர் ஸ்பேஸ் ஒரு பொருட்டே இல்லை, வெளியே எடுக்கும்போது முடிவு பண்ணிக்கொள்ளலாம். ஆனால் ரா கோப்பு இடத்தை அடைக்கும், நண்பரிடம் இருந்தது இரண்டே கார்டு, நிச்சயதார்த்தத்திலிருந்து தாலி கட்டும் வரை ஓட வேண்டும். அடோபி ஆர்ஜிபி மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. வீட்டில் நல்ல இங்க்ஜெட்டும் அதற்கேற்ற மானிட்டரும் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும்.

எல்லா ஷீட்டையும் என் காசில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அது என் தப்பு, சரி. ஆனால் பாக்கி 9000? சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் அன்றைக்கே எண்ணிக் கொடுப்பார்கள். ஃபோட்டோகாரன் மட்டும் “ஆல்பம் வரட்டும் தம்பி”. ஆல்பம் வந்தால் “சம்பந்தி வீட்டுல பாக்கட்டும் தம்பி”. அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்து காதுகுத்தும் ஆகிவிட்டது, அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். “இந்தத் தடவ கலரப் பாத்துப் பண்ணுப்பா” என்றார் பெண்ணின் அப்பா. பழைய பாக்கியைப் பற்றி மூச்சுவிடவில்லை. இந்த முறை முழு அட்வான்ஸ் வாங்கிவிட்டுத்தான் போனேன்.

நீங்கள் 3000-ஐயும் ஓட்டுவதற்கு முன் இரண்டு கேமராவிலிருந்தும் புடவை, வாழைமரம், முகம் மூன்றும் தெரிகிற படமாக ஒவ்வொன்று எடுத்து, மாற்றி, அதே லேபில் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், லேப் டியூப்லைட்டில் வேண்டாம்.