வள்ளத்து என்ஜினை நாமே மாற்றுவது: கேள்வி பதில்

படகுக்கு உள்ளே நிரந்தரமாக உட்காரும் டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்று வைப்பது பற்றி மட்டும் இன்று பேசுவோம். பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு கேள்விகள் இன்னொரு நாளைக்கு. தூத்துக்குடிப் பக்கம் பல வருடமாக மரைன் ஃபிட்டர் வேலைதான் பார்க்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: செயின் பிளாக்கும் நாலு ஆளும் இருந்தால் என்ஜினை இறக்கி ஏற்றுவது ஒரு நாளில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் பெட் (என்ஜின் உட்காரும் கட்டை), ஷாஃப்ட் (புரொப்பல்லரைச் சுற்றும் தண்டு), தண்ணீர் லைன், டீசல் லைன் என்றுதான் போகும். காசும் அப்படித்தான் போகும்.

பாம்பன்: அண்ணே, 32 அடி மர வள்ளம். ஒற்றை சிலிண்டர் 10 எச்.பி. டீசல், ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிறது. 30 எச்.பி. வைத்தால் வேகம் மூன்று மடங்கு ஆகுமா?

ஆகாது தம்பி. வள்ளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற உடம்பு, ஸ்பீட்போட் மாதிரி மேலே எழும்பி ஓடாது. இந்த வகைப் படகுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறத்தாழ அதன் உச்ச வேகம், நாட் கணக்கில். உங்கள் வள்ளம் தண்ணீரில் 28 அடி இருக்கும் என்று வையுங்கள். 7 நாட் வேகத்துக்குக் கொஞ்சம் மேல் வரும், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பின்பக்கம் அமுங்கி, அணியம் (முன்பக்கம்) தூக்கி, பெரிய அலைதான் கிளம்பும்.

டீசல் செலவையும் பாருங்கள். முழு பாரத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர். 30 எச்.பி.யை முழுசாக ஓட்டினால் 6 லிட்டர். எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டும்தான். அதற்கு 15, மிஞ்சிப்போனால் 20 போதும். பெரிய என்ஜின் பெட் மேல் எடையைக் கூட்டி, படகின் சமநிலையையும் மாற்றிவிடும்.

அதே தம்பி: அப்போ பழையதையே ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன், ரிங் போடுவது) செய்துவிடலாமா?

பிளாக்கில் விரிசல் இல்லை, தண்ணீர் ஜாக்கெட் உப்பில் அரிக்கவில்லை, உதிரிபாகம் கடையில் கிடைக்கிறது. மூன்றும் சரியென்றால் தாராளமாகச் செய்யுங்கள். என்ஜின் மாறாவிட்டால் அதைச் சுற்றி எதுவும் மாற வேண்டியதில்லை. பெரிய மிச்சமே அதுதான்.

தூத்துக்குடி: அண்ணாச்சி, பழைய இரும்புக் கடையில் மினி லாரி என்ஜின் மலிவாக வருது. போடலாமா?

போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலை மொத்தச் செலவில் பாதிதான். லாரியில் ரேடியேட்டர் இருக்கும், முன்னால் காற்று அடிக்கும். படகில் இரண்டும் கிடையாது. கடல் தண்ணீரை நேராக பிளாக்குக்குள் விட்டால் உப்பு அரித்துவிடும், அலுமினிய பாகம் இருந்தால் அது முதலில் போகும். அதனால் உள்ளே நல்ல தண்ணீர் சுற்ற, வெளியே கடல் தண்ணீர் அதைக் குளிர்விக்க, ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும். கூடவே கடல் தண்ணீருக்குத் தனி பம்ப், சூட்டைத் தாங்கும் வகையில் தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மரைன் கியர்பாக்ஸ், அதை பிளாக்கோடு சேர்க்க அடாப்டர். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: ஷாஃப்ட் சாய்வாக இறங்குவதால் என்ஜினும் பின்னால் சாய்ந்துதான் உட்காரும். ஆயில் பின்பக்கம் ஒதுங்கினாலும் சம்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) உள்ள உறிஞ்சு குழாய் அதில் மூழ்கியே இருக்க வேண்டும். எத்தனை டிகிரி சாய்வு தாங்கும் என்பது மரைன் என்ஜின் கையேட்டில் இருக்கும். லாரி என்ஜினுக்கு யார் சொல்வார்கள்?

பெட்ரோல் என்ஜின் என்றால் கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் பக்கமே போகாதீர்கள். படகின் அடியில் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

நாகப்பட்டினம்: ஃபைபர் படகில் லாங் டெயில் (நீளத் தண்டின் நுனியில் புரொப்பல்லர் உள்ள, வெளியே மாட்டும் என்ஜின்) இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இன்போர்டு வைக்க ஆசை.

வேண்டாம். ஷாஃப்ட் போக வழியும், என்ஜின் பெட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் வைத்து வார்க்காத உடம்பில் ஓட்டை போட்டு ஸ்டெர்ன் டியூப் (ஷாஃப்ட் வெளியே போகும் குழாய்) இறக்குவது புதுப் படகு கட்டுவதற்குச் சமமான வேலை. கரையில் இழுத்து ஏற்றும்போது புரொப்பல்லர் மண்ணில் மாட்டும் என்பது தனிக் கதை.

வேதாரண்யம்: புது என்ஜினின் கால் பழைய பெட்டில் சேரவில்லை. மரக்கட்டை வைத்து ஆணி அடித்தால் போதுமா?

போதாது. முதலில் பழைய பெட்டையே சோதியுங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். என்ஜினுக்கு நேர் கீழே, பல வருடம் டீசலும் ஆயிலும் ஊறிய இடத்தை முக்கியமாகப் பாருங்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது, வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

என்ஜின் வாங்கும் முன்பே ஸ்டெர்ன் டியூபின் நடு வழியாக ஒரு நைலான் நூலை இழுத்து முன்பக்கம் வரை விறைப்பாகக் கட்டுங்கள். ஷாஃப்ட் போகும் கோடு அதுதான். கியர்பாக்ஸ் கப்ளிங்கின் (ஷாஃப்டோடு சேரும் வட்டத் தட்டின்) மையத்திலிருந்து என்ஜின் கால் எவ்வளவு கீழே, எவ்வளவு பக்கவாட்டில் இருக்கிறது என்பது என்ஜின் படத்தில் இருக்கும். அதே அளவில் பிளைவுட்டில் ஒரு பொம்மை என்ஜின் செய்து நூலில் பொருத்திப் பாருங்கள். பெட் எவ்வளவு உயர வேண்டும், சம்ப் எங்கே முட்டும், ஃபில்டரைக் கழற்றக் கை போகுமா, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஒரு பிளைவுட் பலகை செலவில் முடிகிற இந்த வேலையைத்தான் நிறையப் பேர் தவிர்க்கிறார்கள்.

உயர்த்த வேண்டுமென்றால் பெட்டின் முழு நீளத்துக்கும் கனமான இரும்புச் சட்டம் வைத்து, மரத்தோடு ஊடுருவும் போல்ட் போட்டு இறுக்குங்கள். புரொப்பல்லர் தள்ளுகிற தள்ளு முழுவதும் அந்த போல்ட் வழியாகத்தான் படகுக்குப் போகிறது.

காரைக்கால்: அலைன்மென்ட் (என்ஜினும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று) பார்க்க மெக்கானிக் ஒருவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு 'சரி' என்கிறார். நம்பலாமா?

கண்ணுக்கு 0.1 மில்லிமீட்டர் தெரியும் என்றால் நம்பலாம்! 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்குக்கு அவ்வளவுதான் சலுகை.

கரையில் பார்ப்பது உத்தேசம்தான். கரையில் படகு ஏராக்கட்டை (அடியில் நீளமாக ஓடும் நடுக்கட்டை) மேல் நிற்கிறது. தண்ணீரில் இறங்கியதும் உடம்பின் வடிவம் கொஞ்சம் மாறும், மரப் படகில் இன்னும் அதிகம். அதனால் தண்ணீரில் விட்டு, டீசல் டேங்கை நிரப்பி, வலையும் ஐஸ் பெட்டியும் வழக்கமான இடத்தில் வைத்து, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்ட பிறகு கப்ளிங் போல்ட்டைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் ஷாஃப்ட் தன் எடையில் தொங்கும். தொங்கும் ஷாஃப்டுக்கு என்ஜினைச் சேர்த்தால் எல்லாமே தப்பு. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மேலே கட்டி, கப்ளிங்குக்குப் பக்கத்தில் ஷாஃப்டைத் தூக்குங்கள். டியூபுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்டின் எடையில் பாதி, கூட கப்ளிங்கின் முழு எடை, இவ்வளவு காட்ட வேண்டும். 32 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் மீட்டருக்கு சுமார் 6.3 கிலோ. ஒரு மீட்டர் நீட்டியிருந்து கப்ளிங் 3 கிலோ என்றால், தராசு 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காட்டும்போது ஷாஃப்ட் தன் சரியான கோட்டில் நிற்கிறது.

இப்போது இரண்டு முகத்தையும் கிட்டே கொண்டுவாருங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் தட்டாமல் நழுவி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) மேல், கீழ், இடம், வலம் நாலு இடத்திலும் இடைவெளி அளந்து எழுதுங்கள். கீழே இடைவெளி அதிகமென்றால் என்ஜினின் முன்பக்கம் உயர்ந்திருக்கிறது, முன் கால்களைத் தாழ்த்துங்கள். மேலே அதிகமென்றால் அதற்கு நேர்மாறு.

அப்புறம் என்ஜின் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் கால் சுற்று சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். அகலமான இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது கப்ளிங் நேராக உட்காரவில்லை. என்ஜின் காலுக்கு அடியில் எத்தனை ஷிம் (மெல்லிய தகடு) வைத்தாலும் அது தீராது, லேத்துக்குத்தான் போக வேண்டும். இடைவெளி அதே இடத்தில் நின்றால் பிழை என்ஜின் பக்கம். கடைசியில் கால் போல்ட்டை இறுக்கியபின் இன்னொரு தடவை அளக்க மறக்காதீர்கள், இறுக்கும்போது நகரும்.

யாழ்ப்பாணம்: அண்ணை, ரப்பர் மவுண்ட் போட்டால் அதிர்வு குறையுமோ?

குறையும். ஆனால் என்ஜின் ஆடும்போது ஷாஃப்டும் கூட ஆடும், அதனால் கிளாண்டும் (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பு) வளைந்து கொடுக்கிற வகையாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயிலும் நெளிகிற துண்டு ஒன்று தேவை. இறுக்கமான பழைய வெண்கலக் கிளாண்டை வைத்துக்கொண்டு ரப்பர் மவுண்ட் மட்டும் போடாதீர்கள். ஒற்றை சிலிண்டர் என்ஜினை நேராக பெட்டில் இறுக்குவதே எனக்குப் பிடிக்கும்.

குளச்சல்: பேக்கிங் கயிறு வைத்த கிளாண்டில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னும் இறுக்கவா?

ஷாஃப்ட் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழட்டும். அந்தத் தண்ணீர்தான் கயிற்றைக் குளிர வைக்கிறது. கை வைத்துப் பாருங்கள், சுட்டால் தளர்த்துங்கள். சொட்டே விழாமல் இறுக்கினால் ஷாஃப்டில் பள்ளம் விழும்.

கடலூர்: புது என்ஜின் 3000 ஆர்.பி.எம். என்று எழுதியிருக்கிறது. முழு திராட்டிலில் 2500க்கு மேல் ஏறவில்லை, கரும்புகை. என்ஜின் கோளாறா?

பெரும்பாலும் புரொப்பல்லர். பழைய என்ஜின் மெதுவாகச் சுற்றியிருக்கும், அதற்கு ஏற்ற பெரிய இலை புது என்ஜினுக்குப் பாரம். பிட்சை (ஒரு சுற்றில் இலை முன்னேறும் தூரக் கணக்கு) ஒரு அங்குலம் குறைத்தால் என்ஜின் 150 முதல் 200 சுற்று வரை ஏறும். உங்களுக்கு 500 வேண்டும், அதாவது இரண்டரை மூன்று அங்குலம். அவ்வளவையும் பிட்சில் குறைப்பதை விட, கியர்பாக்ஸ் விகிதத்தை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றுவதே கனமான வள்ளத்துக்கு நல்லது. அடிப்பக்கம் பாசியும் சிப்பியும் இல்லாமல், வழக்கமான பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

சுற்றும் திசையையும் பாருங்கள். புது கியர்பாக்ஸ் எதிர்ப்பக்கம் சுற்றினால், முன்னால் தட்டும்போது படகு பின்னால் போகும். 'ரிவர்சில் போட்டு ஓட்டிக்கொள்ளலாம்' என்பார்கள். எல்லா கியர்பாக்ஸும் அதைத் தாங்காது. புரொப்பல்லரை மாற்றுங்கள்.

நோர்வே, பேர்கன்: பழைய மரப் படகோடு ஒரு சிலிண்டர் சாப் (Sabb) என்ஜின் வந்தது. புதிய யப்பான் டீசல் வைக்க நினைக்கிறேன். கப்ளிங் மட்டும் மாற்றினால் சரிவருமா?

உங்கள் ஊரிலேயே செய்த என்ஜின் அது! பல சாப் மாடல்களில் வழக்கமான ரிவர்ஸ் கியர் கிடையாது. ஷாஃப்ட் உள்ளே குழல், அதற்குள் ஒரு கம்பி. கம்பியைத் தள்ளி இழுத்தால் புரொப்பல்லர் இலையே திரும்பி முன்னும் பின்னும் தள்ளும். உங்களுடையது அந்த வகையென்றால் என்ஜினோடு ஷாஃப்ட், டியூப், புரொப்பல்லர் எல்லாமே மாற வேண்டும். அந்தச் செலவுக்கு முன் பழையதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். மெதுவாக ஓடுகிற, கையால் சுற்றி எழுப்பக்கூடிய என்ஜினை அவசரப்பட்டு இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். எதை வைத்தாலும் குளிர்காலத்துக்கு முன் கடல் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். உறைந்தால் பிளாக் வெடிக்கும்.

புதுச்சேரி: என்ஜின் வைத்து முதல் நாள் ரொம்ப நேரம் ஸ்டார்ட்டர் அடித்தும் எழும்பவில்லை. இப்போது சுற்றவே மாட்டேன் என்கிறது. எக்ஸாஸ்டில் தண்ணீர் கலந்து போகும் வகை.

இனி ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் கடல் தண்ணீர் பம்பும் சுற்றுகிறது. என்ஜின் எரியாததால் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இல்லை. அது சைலன்சர் பெட்டியை நிரப்பி, குழாய் வழியாகத் திரும்பி வால்வுக்கு வந்துவிடுகிறது.

இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். நிறம் தெளியும் வரை மாற்றுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டும், உப்புத் தண்ணீர் நாளை வரை காத்திராது. அடுத்த முறை ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் அடிக்க நேர்ந்தால் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், எரிந்த கணமே திறந்துவிடுங்கள். எக்ஸாஸ்டில் தண்ணீர் சேரும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே அல்லது ஒட்டி இருந்தால், தண்ணீர் குழாயை மேலே வளைத்து, உச்சியில் காற்று வால்வும் வையுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய பிறகும் தண்ணீர் தானாக உறிஞ்சி உள்ளே வரும்.

ராமேஸ்வரம்: டேங்க் பழையதுதான், கழுவாமல் விடலாமா?

விடாதீர்கள். அடியில் பல வருட வண்டலும் தண்ணீரும் கிடக்கும். அலையில் ஆடும்போது அது கிளம்பி ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை, கை எட்டுகிற இடத்தில் போடுங்கள்.

தூத்துக்குடி: எந்த மாதம் செய்யலாம்? பதிவில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் மேலே ஏறிவிடும், நல்ல ஃபிட்டரும் லேத்தும் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாட்டுப்படகுக்காரர் வடகிழக்குப் பருவமழை நாட்களில், கடலுக்குப் போக முடியாத வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எண்ணும் குதிரைத்திறனும் மாறியதை மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பாம்பன் தம்பி மறுபடி: புது என்ஜினை முதலில் மெதுவாகத்தானே ஓட்ட வேண்டும்?

சும்மா ஐடிலில் மணிக்கணக்கில் விடாதே. ரிங் லைனரோடு சேர்ந்து படிய பாரம் வேண்டும். சூடேறியதும் நடுத்தர பாரத்தில், வேகத்தை அவ்வப்போது ஏற்றி இறக்கி ஓட்டு. முழு திராட்டிலை நீண்ட நேரம் பிடிக்காதே. முதல் ஆயில் மாற்றம் கையேட்டில் போட்டிருக்கிற மணிக்கணக்குப்படி, பெரும்பாலும் 50 மணிக்குள் இருக்கும். அன்றைக்கே கால் போல்ட், கப்ளிங் போல்ட் இரண்டையும் ஸ்பானர் வைத்துப் பார்த்து, ஃபீலர் கேஜையும் ஒரு தடவை விட்டுப் பார்.