படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம்?

வாசகர் கேள்வி – பதில். இந்த முறை பெங்களூரிலிருந்து பெரியவர்களை வெளியூர் அழைத்துப் போவது பற்றி வந்த கேள்விகள்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வாக்கர் பிடித்து நடக்கிறார். குடும்பமாக ஐந்து பேர் மதுரைக்கு டிக்கெட் போட்டோம். அவருக்கு அப்பர் பெர்த் வந்தது. வயதைச் சரியாகத்தானே கொடுத்தோம்?
– வாசகி, அல்சூர்

ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டதுதான் சிக்கல். முதியோருக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் டிக்கெட்டில் அவர் தனியாக இருக்க வேண்டும், அல்லது அதே தகுதியுள்ள இன்னொருவர் மட்டும் உடன் இருக்கலாம். இளையவர் ஒருவர் சேர்ந்தாலே அந்த ஒதுக்கீட்டில் டிக்கெட் கிடைக்காது. பொது ஒதுக்கீட்டில் மீதமிருப்பதுதான் வரும்.

அதனால் அம்மாவுக்குத் தனி டிக்கெட். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் கோட்டா என்ற இடத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வகுப்பைப் பொறுத்து ஒரு பெட்டிக்கு மூன்று முதல் ஏழு பெர்த்தான் இதற்கு ஒதுக்குகிறார்கள். முன்பதிவு திறக்கும் 60-வது நாளே போட்டுவிட வேண்டும். உங்களுக்கு வேறு பெட்டியில் இடம் விழக்கூடும் என்பதுதான் இதில் உள்ள குறை. அம்மா இரவில் தனியாக இருக்க முடியாதவர் என்றால், இருவருக்கும் பொது ஒதுக்கீட்டில் போட்டு, 'குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கிடைத்த லோயரில் அம்மா படுத்துக்கொள்ளட்டும். முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். வயதைக் காட்டினால் விலை குறையும் என்று கணக்குப் போட வேண்டாம்.

கன்டோன்மென்ட்டிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத் ஓடுகிறது. கதவும் நடைபாதையும் வசதி, ஆனால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும். தேய்ந்த முட்டிக்கு அது படுத்து வருவதைவிடக் கடினம். அதில்தான் போவதென்றால் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வையுங்கள். வீல்சேர் வைக்கும் இடமும் அகலமான கழிவறையும் இரு முனைப் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

இரவு வண்டி என்றால் பெங்களூரிலேயே புறப்படுவதா, மைசூரிலிருந்து வந்து நின்று போவதா என்று பாருங்கள். புறப்படும் வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும், அவசரமில்லாமல் ஏற்றலாம். நடைமேடைக்கும் பெட்டித் தளத்துக்கும் நடுவில் இரண்டு படி ஏற்றமும் ஓர் இடைவெளியும் உண்டு. ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். மாற்றி வைத்தால் முழு எடையும் நோகும் முட்டியில் விழும். ஒருவர் மேலே நின்று கை கொடுக்க, ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். அக்குளில் கை போட்டுத் தூக்காதீர்கள், தோள்பட்டை பிசகும்.

ஹோட்டலில் 'லிஃப்ட் இருக்கு, வீல்சேர் போகும்' என்றார்கள். போய்ப் பார்த்தால் பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையவில்லை. முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஜெயநகர்

'இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். எண் கேளுங்கள். பெரியவர்கள் உட்காரும் சாதாரண வீல்சேர் வெளிச்சக்கரம் வரை 24 முதல் 26 அங்குலம். பழைய ஹோட்டல்களில் பாத்ரூம் கதவு 24 அங்குலமாகவே இருப்பது சகஜம். கதவைத் திறந்து வைத்த நிலையில் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். கதவுப் பலகையே ஒன்றரை அங்குலம் தின்றுவிடும். 28 இருந்தால் சமாளிக்கலாம், 32 இருந்தால் கை முட்டி இடிக்காமல் போகலாம்.

அடுத்து லிஃப்ட். அது தரை மட்டத்திலிருந்து ஏறுகிறதா, ஐந்தாறு படி ஏறிய பிறகா? இதைக் கேட்காமல் ஏமாறுகிறவர்களே அதிகம். ரேம்ப் இருந்தால் அதன் நீளம் கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. மூன்று படியை, அதாவது ஒன்றரை அடியை, நாலடிப் பலகை போட்டு மூடியிருந்தால் அது பெட்டி உருட்டப் போட்டது. ஆளை வைத்துத் தள்ளினால் பின்னால் சாயும்.

பிறகு கமோடின் உயரம். வழக்கமாக 15–16 அங்குலம். முட்டி மடங்காதவருக்கு 18–19 வேண்டும். கமோடின் மேல் வைத்து உயரம் கூட்டும் நாலங்குல பிளாஸ்டிக் ரெய்சர் ஒன்றை மெடிக்கல் கடையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டால் எந்த ஊரிலும் கவலை இல்லை. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும், கைப்பிடி இல்லாத முக்காலி வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். பாத்ரூமை வாசலிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும். அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

மைசூர், பேலூர், ஹளேபீடு மூன்றையும் இரண்டு நாளில் மாமனார் மாமியாருடன் பார்க்க முடியுமா? மாமனார் கைத்தடியோடு நடப்பார்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

மைசூரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேலூரிலும் ஹளேபீட்டிலும் உள்ள ஹொய்சளக் கோயில்கள் உயரமான மேடை மேல் நிற்பவை. மேடைக்கு ஏறும் படிகளில் பிடிமானம் குறைவு, செருப்பும் கழற்ற வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கல் சுடும். பேலூர் போயே ஆக வேண்டுமென்றால் அந்த ஊரிலோ ஹாசனிலோ தங்கி, கனமான காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள்.

மைசூரில் அரண்மனைக்குள் படியேற்றமும் வெறுங்கால் நடையும் உண்டு. ஞாயிறு மாலை போனால் வெளியே உட்கார்ந்தே விளக்கலங்காரம் பார்க்கலாம். மிருகக்காட்சிசாலையில் பேட்டரி வண்டி இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி என்று மிரள வேண்டாம், மேலே வரை கார் போகும். பிருந்தாவன் தோட்டம் படிக்கட்டு மயம், அதை விட்டுவிடலாம்.

மைசூர் விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ராமநகரத்திலோ மத்தூரிலோ இறங்கி ஒருமுறை கழிவறை முடித்துக்கொள்ளுங்கள். (மத்தூர் வடை மொறுமொறுப்பானது, பல்செட் போட்டவர் பிய்த்துக் காபியில் நனைத்துச் சாப்பிடலாம்.)

விமானத்துக்கு வீல்சேர் கேட்டிருந்தோம். விமான நிலையத்துக்குள் கொண்டு வந்தவர்கள் ஏணிப்படி அருகில் 'ஏறுங்க' என்றார்கள். ஏன் இப்படி?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

உங்கள் டிக்கெட்டில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று போட்டிருப்பார்கள். அதன் பொருள், தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார். படி ஏற முடியாதவருக்குக் கடைசி எழுத்து 'எஸ்'. இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு 'சி'. 'கொஞ்சம் நடப்பாங்க' என்று கூச்சத்தில் குறைத்துச் சொல்வதால்தான் 'ஆர்' விழுகிறது. 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு இதைத் தெளிவாகச் சொல்லி, டிக்கெட்டில் எந்த எழுத்து பதிந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தில் பின்கதவு வழியாக ஏற வேண்டும், கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடக்க வைக்கும் ஏரோபிரிட்ஜ் ஒட்டாது. அங்கே இந்த எழுத்து இன்னும் முக்கியம்.

சொந்த வீல்சேருக்குக் கட்டணம் இல்லை. அது மோட்டார் வைத்ததாக இருந்தால் பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கிப் பாருங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 288, போகலாம், 20 என்றால் 480, ஏற்ற மாட்டார்கள். கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும்.

பயணம் என்றாலே அப்பா முந்தின இரவிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். நீர் மாத்திரையும் போடுவதில்லை.
– வாசகி, மல்லேஸ்வரம்

மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. பயண நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு போடும்படி நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று அவர் சொல்வார். தண்ணீரை அடியோடு நிறுத்தினால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். ஒரேயடியாகக் குடிக்காமல் அரைமணிக்கு இரண்டு மிடறு போதும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். காரில் ஆண்களுக்கான மூடி போட்ட யூரின் பாட்டில் ஒன்றும், மறைக்க ஒரு பழைய வேட்டியும் இருக்கட்டும். அது இருக்கிறது என்று தெரிந்தாலே அப்பா தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பார்.