முப்பதைக் கடந்த ரன்னிங் பேக்கைத் தக்கவைக்கலாமா? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுபவர் ரன்னிங் பேக். அப்படி ஓடுவதில் பெயர்பெற்ற டெரிக் ஹென்றியை டென்னசி டைட்டன்ஸ் 2024 மார்ச்சில் போகவிட்டது, பால்டிமோர் ரேவன்ஸ் சேர்த்துக்கொண்டது. அவரைப் போன்றவர்களுக்கு மறு ஒப்பந்தம் தரலாமா என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, எட்டு சீசன் உழைத்த வீரரை டைட்டன்ஸ் அனுப்பியது நன்றிகெட்ட செயல் அல்லவா?

பதில்: எனக்கும் மனம் வலிக்கத்தான் செய்தது. 2018 டிசம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக, தன் எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து புறப்பட்டு, பிடிக்க வந்தவர்களைக் கையால் ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு 99 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தவர் அவர். 2020இல் மட்டும் 2,027 யார்டு ஓடினார். ஆனாலும் அந்த முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2023இல் அந்த அணி 17 ஆட்டங்களில் ஆறில்தான் வென்றது. பயிற்சியாளரையும் மாற்றி, அஸ்திவாரத்திலிருந்து கட்டத் தொடங்கிய நேரம் அது. கட்டி முடிப்பதற்குள் ஹென்றியின் கால்கள் ஓய்ந்திருக்கும்.

கேள்வி: போன இடத்தில் 30 வயதில் 1,921 யார்டு ஓடினாரே! வயதைப் பற்றிய பேச்செல்லாம் பொய்தானே?

பதில்: பொய் இல்லை. அவர் விதிவிலக்கு. ஒரு சீசனில் முந்நூறு முறை பந்தைச் சுமப்பவர் ஏறக்குறைய முந்நூறு முறை தரையில் சாய்க்கப்படுகிறார். முழங்காலும் கணுக்காலும் அந்தக் கணக்கை மறப்பதில்லை.

ஆனால் பால்டிமோரில் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். அங்கே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி வீசவோ கைமாற்றவோ செய்பவர், லமார் ஜாக்சன். அவரே மின்னலாக ஓடக்கூடியவர். பந்து ஹென்றியின் கைக்குப் போகிறதா, ஜாக்சனிடமே தங்குகிறதா என்று எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளர் ஒரு கணம் தயங்கியே ஆகவேண்டும். அந்தத் தயக்கத்தில் திறக்கும் இடைவெளி ஹென்றிக்குப் போதும். 2024 செப்டம்பரில் பஃபலோவுக்கு எதிராக, ரேவன்ஸின் முதல் நகர்விலேயே 87 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். டைட்டன்ஸில் அவரே நீடித்திருந்தாலும் இந்த வழி திறந்திருக்காது. அந்த அணி 2024இல் மூன்று ஆட்டங்களில்தான் வென்றது.

கேள்வி: அப்படியானால் முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: ஓடுபவருக்கு முன்னால் நின்று எதிரணியினரை மறித்து வழி திறக்கும் ஐந்து தடுப்பாட்டக்காரர்களை. சியாட்டில் சீஹாக்ஸின் கதையை நான் சொல்லாத நாளில்லை. 2005இல் அதன் ரன்னிங் பேக் ஷான் அலெக்ஸாண்டர் 1,880 யார்டு ஓடி லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதையும் பெற்றார். 2006 மார்ச்சில் அணி அவருக்கு எட்டு ஆண்டு, 62 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதே மாதம், அவருக்கு வழி திறந்துகொடுத்த இடது கார்டு (அந்த ஐவரில் ஒருவர்) ஸ்டீவ் ஹட்சின்சனை மினசோட்டாவிடம் இழந்தது. அடுத்த சீசனில் அலெக்ஸாண்டரின் பாத எலும்பு முறிந்தது, 896 யார்டுதான் எடுத்தார். 2008 ஏப்ரலில் விடுவித்துவிட்டார்கள். வழி திறப்பவரை விட்டுவிட்டு ஓடுபவரை மட்டும் பிடித்துவைத்ததை இன்றும் என்னால் ஏற்கமுடியவில்லை.

கேள்வி: ஒப்பந்தத் தொகைகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. எந்த எண்ணை நம்புவது?

பதில்: உத்தரவாதத் தொகையை மட்டும். எழுதப்பட்ட மொத்தத்தில் மீதி, அணி அவரை வைத்திருந்தால்தான் கிடைக்கும். ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, 2024இல் அது 255.4 மில்லியன் டாலர். முன்பணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதிவிட்டு வீரரை இடையில் விடுவித்தால், மிச்சக் கணக்கு உச்சவரம்பில் பாரமாக விழும். டல்லஸ் கவ்பாய்ஸ் 2019இல் ரன்னிங் பேக் எஸகியெல் எலியட்டுக்கு ஆறு ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. 2023 மார்ச்சில் அவரை விடுவித்த பிறகும் கணக்கு தொடர்ந்தது.

கேள்வி: நியூயார்க் ஜயன்ட்ஸ் 2024இல் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை விட்டதும் இதே ரகமா?

பதில்: இல்லை. அவருக்கு அப்போது 27 வயதுதான். பக்கத்து எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கே போய், 2024இல் 2,005 யார்டு ஓடி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் வென்றார். ஆனாலும் ஈகிள்ஸின் தடுப்பு வரிசை அந்த சீசனில் லீக்கிலேயே சிறந்தவற்றில் ஒன்றாக இருந்தது என்பதை மறக்கவேண்டாம்.

கேள்வி: ரேவன்ஸ் 2025 மேயில் ஹென்றிக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கொடுத்ததே, நீங்களாக இருந்தால்?

பதில்: கொடுத்திருப்பேன். அப்போது ஜாக்சன் உச்சத்தில் இருந்தார், அணி உடனே கோப்பைக்கு மோதும் நிலையில் இருந்தது. 30 மில்லியன் டாலரில் 25 மில்லியன் உத்தரவாதம் என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தம் 2027 சீசன் வரை போகிறது, அப்போது அவருக்கு வயது 33. நானாக இருந்தால் 2026க்கு முழு உத்தரவாதம் தந்து, 2027க்கான தொகையை அவர் எத்தனை ஆட்டங்களில் களமிறங்குகிறார் என்பதோடு இணைத்திருப்பேன்.