மட்டி ஓட்டில் வட்டத் துளை எப்படி வந்தது?

அது அலை மோதி விழுந்த துளை இல்லை, மாலை கோக்க யாரும் போட்டதும் இல்லை. வேட்டையாடும் நத்தை ஒன்று துளைத்து மட்டியைத் தின்ற தடம். உங்கள் மகள் கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளில், இரண்டு ஓடுகளும் இணையும் கீலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துல்லியமான வட்டம் என்கிறீர்கள். பெரும்பாலும் நிலா நத்தையாக இருக்கும். அமிலம் சுரந்து ஓட்டின் சுண்ணாம்பை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டும்.

லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிவாய் அகன்று உள்ளே குறுகினால் நிலா நத்தை. நேராக இறங்கினால் முள்சங்கு வகை நத்தை. சல்லடை போலப் பல துளைகள் என்றால் கடற்பஞ்சு என்ற கடல் உயிரி. பாதியில் நின்ற குழி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்: அந்த மட்டி அன்று தப்பியிருக்கலாம். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

தேய்ந்த ஓட்டில் விளிம்பு மழுங்கி ஏமாற்றும். காலிச் சுருள்சங்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள், துறவி நண்டுக்கு அதுதான் வீடு. கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே விடாதீர்கள். உயிரோடிருந்தால் விஷமுள்ளால் கொட்டும்.