கம்பாஷனுக்குள் இருப்பது வேட்கை அல்ல

கேள்வி: எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில், "பாஷன் என்றால் தீராத வேட்கை, கம்பாஷன் என்றால் பிறருக்கு உதவ வேண்டும் என்ற வேட்கை" என்று விளக்கினார்கள். இது சரிதானா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தவறு. சொல்லை இரண்டாகப் பிளந்து, பிற்காலத்தில் வந்த பொருளை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

லத்தீனில் 'பத்தியோர்' என்றொரு வினைச்சொல் உண்டு. துன்பத்தை அனுபவிப்பது, தாங்கிக்கொள்வது என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் 'பஸ்ஸியோ'. முன்னால் 'உடன்' என்ற பொருள் தரும் 'கொம்' சேர்ந்து 'கொம்பஸ்ஸியோ' ஆயிற்று: இன்னொருவரோடு சேர்ந்து துன்பப்படுவது. கிறிஸ்தவ லத்தீனில் புழங்கிய இச்சொல் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஆஸ்பத்திரியில் நாம் சொல்லும் 'பேஷன்ட்'டும் இதே வேர்தான், வலியைத் தாங்குகிறவர்.

ஆங்கிலத்தில் 'பாஷன்' முதலில் குறித்தது இயேசு பட்ட பாடுகளை. நம் கத்தோலிக்கர்கள் 'திருப்பாடுகள்' என்கிறார்களே, அதேதான். வேட்கை, ஆர்வம் என்ற பொருளெல்லாம் பிறகு வந்தவை. பாஷன் ஃப்ரூட்டையே பாருங்கள், இலங்கையில் கொடித்தோடை என்பார்கள். தென் அமெரிக்காவில் அந்தக் கொடியின் பூவைக் கண்ட ஸ்பானியப் பாதிரிமார், நடுவே நிற்கும் மூன்று சூல்முடிகளைச் சிலுவையில் அடித்த ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளை ஐந்து காயங்களாகவும், சுற்றியிருக்கும் இழைகளை முள்முடியாகவும் கண்டார்கள். பெயர் அப்படி வந்தது. ஆசையைத் தூண்டும் பழம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கம்பாஷனுக்கு இன்று உதவும் எண்ணத்தையும் சேர்த்தே அகராதிகள் பொருள் சொல்கின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளரின் விளக்கத்தில் உதவுகிறவரின் வேட்கைதான் முன்னே நிற்கிறது, கஷ்டப்படுகிறவரைக் காணோம். வேர்ச்சொல்லில் அவர்தான் முதல் ஆள். அவர் படுகிறார், நாம் கூடவே படுகிறோம். உதவி அதற்கு அப்புறம். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி கருணை அடிப்படையில் வேலை கேட்டு, வாரிசுச் சான்றிதழும் கையுமாக மேசை மேசையாக அலைகிறாரே, அந்த மனுவின் ஆங்கிலத் தலைப்பிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. கோப்பைப் பிரிக்கிறவருக்கு இதன் பொருள் தெரிந்திருந்தால் அவரை முதலில் உட்காரச் சொல்லியிருப்பார்.

துக்க வீட்டுக்கு எழுதும்போது மட்டும் 'கண்டோலன்ஸ்' போடுங்கள். அது 'வலித்தல்' என்ற பொருளுள்ள 'தொலேரே'யிலிருந்து வந்தது. இன்றைய வழக்கில் பெரும்பாலும் சாவுக்கே உரியது. தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அதை அனுப்பிவிடாதீர்கள்.