ஃபைட்டர் மீனின் உடலில் கட்டி

கேள்வி: தனித்தொட்டியில் வளரும் எங்கள் ஆண் ஃபைட்டர் மீனின் விலாவில், மிளகளவில் ஒரு கட்டி சில வாரங்களாகவே தெரிகிறது. இரை எடுக்கிறது, ஆனால் சோர்ந்து கிடக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றையும் விழுங்குகிறது. என்ன மருந்து விடலாம்?

பதில்: காற்றை விழுங்குவது இந்த இனத்தின் இயல்பு என்பதால், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்து, பசியைக் கெடுக்காத கட்டி பெரும்பாலும் திசுக்கட்டியாகவே இருக்கும். நீரில் விடும் எந்த மருந்தும் அதைக் கரைக்காது. காரணம் தெரியாமல் விடும் ஆன்டிபயாடிக், வடிகட்டியில் வாழ்ந்து, மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து, மீனை இன்னும் தளரச் செய்யக்கூடும். கட்டியை ஊசியால் குத்திப் பார்ப்பது அதைவிடக் கொடுமை.

சில நாட்களிலேயே சிவந்து பெருத்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். துடுப்பு விளிம்பில் காலிஃபிளவர் போலத் திரளும் வெண்முடிச்சு, பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய். அதற்கு மருந்தில்லை, எனினும் நல்ல நீரில் நாளடைவில் தானாகவே மறைவதுண்டு. உடலெங்கும் உப்புத்தூள் அளவில் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி. மீனை விட்டு உதிர்ந்து நீரில் திரியும் பருவத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். ஆகவே புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும். வயிறு இருபுறமும் உப்பியிருந்தால் இரண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் சிலிர்த்து நின்றால், உள்ளுறுப்புகள் செயலிழந்து உடலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அந்நிலையிலிருந்து மீளும் மீன்கள் மிகச் சிலவே.

உங்கள் மீனின் சோர்வுக்கு நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீரைத்தான். சோதனைக் கருவியில் அம்மோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் நிலைத்திருக்க வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் மாற்றுங்கள். கட்டியை ஒரே கோணத்தில் வாரம் ஒருமுறை படமெடுத்து வைத்தால், வளர்ச்சி ஐயமின்றித் தெரியும். இரையை மறுத்தாலோ நீந்தத் தடுமாறினாலோ, மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்தப் படங்களையும் காட்டுங்கள்.

கேள்வி: மீனின் நோய் மனிதருக்குத் தொற்றுமா?

பதில்: பெரும்பாலானவை தொற்றா. ஆனால் மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் பாக்டீரியா, கையிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, ஆறாத தோல் முடிச்சுகளை உண்டாக்கக்கூடும். காயமிருந்தால் கையுறையின்றித் தொட்டியில் கைவிடாதீர்கள். முடிச்சு தோன்றினால், மீன் வளர்ப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.